கல்லு மாதிரி கிளட்ச்

எங்கள் ஜீப்பின் கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான்தான். நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீடு என்றால் போதும், பந்தி முடிந்து வெற்றிலை போட உட்கார்ந்ததும் யாராவது ஜீப்பைப் பற்றிக் கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே பேச்சை அந்தப் பக்கம் திருப்புவேன். "அந்தக் காலத்து வண்டி பாத்துக்கிடுங்க, கிளட்ச்ச மிதிச்சா ஆம்பளைக்கே தொடை நடுங்கும்" என்பேன். பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் உடனே ஒத்து ஊதுவார். "எனக்கு அது சவுட்ட வராதுப்பா. அவளுக்குத்தான் அடங்கும்" என்பார். எல்லாரும் அவரைக் கேலி செய்வார்கள். நான் ஒரு வெற்றிலையைக் கூடுதலாக மடித்துப் போட்டுக்கொள்வேன்.

அந்தப் பெருமைக்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயசில் வந்த ஒரு காய்ச்சலில் என் இடது கால் வளர்ச்சி குன்றிப்போனது. நடக்கும்போது பெரிதாகத் தெரியாது, மாடி ஏறினால் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், நானும் பேச விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் பேசினாள், அவள் பின்னலை இழுத்ததற்கு எனக்கு முட்டிபோடத் தண்டனை கிடைத்தது. அப்படிப்பட்ட கால், ஜீப் கிளட்ச்சை மிதிக்கிறது. இதைச் சொல்லாமல் எதைச் சொல்வது?

நாங்கள் கரமனையில் குடியிருக்கிறோம். நான் ஒரு அரசாங்க ஆபீசில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். விதுரா தாண்டி, பொன்முடி ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு மண்பாதையின் முடிவில் எங்களுக்கு ஒரு விளை, சின்னத் தோட்டம், இருக்கிறது. நல்லமிளகும் கொஞ்சம் பாக்கும். அந்தப் பாதையில் ஒரு ஓடை குறுக்கே போகும், அதற்கப்புறம் வெறும் பாறை ஏற்றம். ஆட்டோக்காரன் ஓடைக்கு இந்தப் பக்கமே கும்பிட்டுவிடுவான். ஜீப் இல்லாவிட்டால் விளை இல்லை. நான் ஓட்டாவிட்டால் ஜீப் இல்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் எங்கள் மகன் வந்தபோதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்: "ரெண்டையும் வித்துருங்கம்மா, ஒரு ஆட்டோமேட்டிக் கார் எடுத்துத் தாரேன், காலுக்கும் வேலை இல்ல." காலுக்கு வேலை இல்லை என்று என்னிடமே சொல்கிறான் பாருங்கள். அன்றைக்கு அவனுக்குச் சோற்றோடு வேறு சிலதும் பரிமாறினேன்.

என் வீட்டுக்காரர் வாலிபத்தில் கிழக்கே ஒரு எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கே எஸ்டேட் ஜீப்பை வளைவுகளில் ஓட்டிய கதையை எனக்குக் கல்யாணமான புதிதில் நிறையச் சொல்லியிருக்கிறார். ஆனால் நம் வண்டி வந்தபிறகு ஒரு தடவைகூட அதை ஓட்டியதில்லை. "அந்த வண்டி வேற, இது கல்லு" என்பார். ஸ்கூட்டர்தான் அவருக்கு. ஆனால் ஜீப்பில் என்ன வேலை வந்தாலும் அவர்தான் கூடப் போவார். நான் காலையில் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பஸ் பிடித்து ஆபீஸ் போவேன். சாயங்காலம் வரை மெக்கானிக்கோடு உட்கார்ந்திருப்பது அவர். அவருக்குப் பொழுது போகிறது என்று நினைத்திருந்தேன்.

போன மழைக்கு முன்னால் கிளட்ச் பிளேட் தேய்ந்து, அதை மாற்ற வேண்டி வந்தது. அந்த ஒரு தடவை அவரால் போக முடியவில்லை, கண் ஆபரேஷன் முடிந்து பச்சைக் கண்ணாடியோடு படுத்திருந்தார். பழைய மெக்கானிக்கும் ஷெட்டை மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மகன் யாரையோ பிடித்து, பைபாஸ் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலையை முடித்துக் கொடுத்தான். புதுப் பிளேட், ஜீப்புக்கு உள்ளது, பெட்டியோடு காட்டினார்கள். படுக்கையில் இருந்தவர் மட்டும் "பிளேட்ட மாத்திட்டாங்களா? பிளேட்ட மட்டும்தானே?" என்று ரெண்டு மூன்று தடவை கேட்டார். மருந்து மயக்கம் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு ஆரம்பித்தது வினை. சமதரையில் ஒன்றும் தெரியாது. விதுரா தாண்டி ஏற்றம் வந்ததும் என்ஜின் கத்தும், வண்டி நகராது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறும், சக்கரத்துக்கு அது போய்ச் சேராது. கருகின வாடை வேறு. ஒரு நாள் பாறை ஏற்றத்தில் பாதியில் நின்று, பின்பக்கமாகவே ஓடை வரை இறங்கி வந்தேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் ஓடையில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, "சூடு ஆறட்டும்" என்று மட்டும் சொன்னார்.

மகனுக்கு இந்த விஷயம் தெரிந்தால் அடுத்த வாரமே வண்டியை விற்க ஆள் அனுப்புவான். அதனால் நானே கண்டுபிடிப்பது என்று இறங்கினேன். கிளட்ச் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. என்ஜினோடு சுற்றுகிற கனமான சக்கரம் ஒன்று, அது ஃப்ளைவீல். அதன்மேல் திருகி வைத்த மூடி ஒன்று, அது பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட். மூடிக்குள் இருக்கிற ஸ்பிரிங் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். சப்பாத்தியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அழுத்துகிற மாதிரிதான். பிடித்தால் என்ஜினின் சுற்று சக்கரத்துக்குப் போகும். நாம் காலால் மிதிக்கும்போது கை விலகும். அவ்வளவுதான் விஷயம். என் வண்டியில் கை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சந்திலேயே சோதனை செய்தேன். கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, என்ஜினை ஓடவிட்டு, டாப் கியரில் போட்டு, காலை மெதுவாக எடுத்தேன். கிளட்ச் சரியாக இருந்தால் என்ஜின் திணறி அணைந்துவிட வேண்டும். அணையவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், கண்டுபிடித்துவிட்டேனே என்று. எதிர்வீட்டுச் சேச்சி ஜன்னலைச் சாத்தினாள். என் வீட்டுக்காரர் கேட்டருகில் நின்று, "மதி, ஊரைக் கூட்டாத" என்றார்.

கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார்கள். மார்த்தாண்டத்துக்காரர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தாடியும் சிரிப்புமாக. வண்டியைப் பார்த்ததும் பானட்டைத் தடவினார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. "கியர் பாக்ஸ எறக்கிப் பாத்தாத்தான் அக்கா தெரியும்" என்றார். இறக்கட்டும் என்றேன். கூடவே இருந்து பார்ப்பேன் என்றும் சொன்னேன். என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய டயர் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். ஒரு காலண்டரில் அத்தனை நேரம் படிக்க என்ன இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

சாமான்களை ஒரு சாக்கில் வரிசையாக வைத்தார் மெக்கானிக். புதுப் பிளேட் தேயவே இல்லை, ஆனால் வழுக்கி வழுக்கி அதன் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பிரஷர் பிளேட்டைக் கையில் எடுத்தவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது ஜீப்போட சாதனம் இல்ல."

"பின்னே?"

"ஏதோ சின்னக் காரோடது. ஸ்பிரிங்கப் பாருங்க, எவ்வளவு லேசு. ஜீப்போடது இதுல ரெண்டு மடங்கு பிடி பிடிக்கும்."

அது மட்டுமில்லை. ஃப்ளைவீலுக்கும் அந்த மூடிக்கும் நடுவில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. எந்த வண்டியிலும் அப்படி ஒரு வளையம் கிடையாதாம். ஃப்ளைவீலில் புதிதாக ஓட்டைகள் போட்டு, மரை வெட்டியிருந்தது. வண்டி ஒன்று, மூடி இன்னொன்று, வளையம் எவன் வீட்டு வளையமோ. எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது கோபம். இத்தனை வருஷம் இந்தக் கூத்தை வைத்துக்கொண்டா நான் மலை ஏறினேன்?

"எவன் செஞ்ச வேலை இது? கையில ஸ்பானர் கொடுத்தா கிளட்ச்சுல எதையும் கொண்டு சொருகிருவானா? அறிவுகெட்டவன். அவன் கண்ணு எங்க இருந்துச்சு, பிடரியிலயா?" என்று ஆரம்பித்து ஒரு வழி பண்ணிவிட்டேன். மெக்கானிக் சிரித்தார். "உள்ளதுதான் அக்கா, உள்ளதுதான்" என்றார். என் வீட்டுக்காரர் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா, மோசமான வேலைதான்" என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனவர், டீ ஆறுகிற நேரம் கழித்துத்தான் வந்தார்.

ஜீப்புக்கே உள்ள பிரஷர் பிளேட்டும் ஓட்டை மாற்றாத வேறு ஃப்ளைவீலும் போட்டுவிடலாம், எல்லாம் பிசிறில்லாமல் சேரும் என்றார் மெக்கானிக். சாலைக் கடைத் தெருவில் சொல்லி வைத்தால் சாமான் வந்துவிடும். சரி என்றேன். ஆனால் அந்த வளையத்தை ஒரு பழைய பேப்பரில் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மேசையில் வைத்து மண்ணெண்ணெயில் துடைத்தேன். ஆபீசில் இருந்து வந்தபோது மிச்சமாக என்னோடு வந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன், வரைபடத் தாளில் வரைந்தேன். என் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வரைய வரைய என் வாயிலிருந்த வசவெல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. எந்த இடத்தில் அளந்தாலும் வளையத்தின் தடிப்பு ஒரே மாதிரி. ஓட்டைகள் மையத்திலிருந்து ஒரே தூரம். விளிம்பில் கை கிழிக்காமல் இருக்கச் சரித்து ராவியிருந்தது. சுற்றும்போது இம்மிகூட விலகாமல் இருக்க இரண்டு ஊசி பதித்து, அந்த ஊசிக்கும் அளவாகக் குழி. இதை அறிவுகெட்டவன் எவனும் செய்ய மாட்டான். லேத்துக் கடைசல்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பொறுமையாகச் செய்த வேலை.

அப்புறம் கணக்கு தானாக விழுந்தது. ஜீப்பின் கிளட்ச் பிளேட்டுக்கு நடுப்பகுதி புடைப்பாக இருக்கும். சின்னக் காரின் மூடிக்குள் அது இடிக்கும். இடிக்காமல் இருக்கத்தான் வளையத்தை வைத்து மூடியைத் தூக்கியிருக்கிறார்கள். மூடி தூக்கினால் பிடி குறையும். அதைச் சரிக்கட்ட, முகத்தில் தடிப்பான லைனிங் பட்டை ஒட்டிய பிளேட் போட்டிருக்க வேண்டும். பழைய மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஒட்டிப் போட்டிருப்பார். பைபாஸ் ஒர்க்‌ஷாப்புக்காரர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஜீப் என்று பெயரைப் பார்த்து ஜீப்பின் பிளேட்டை வாங்கிப் போட்டார்கள். அது மெலிசு. உள்ளங்கைகள் அதை எட்டிப் பிடிக்கவில்லை. சரியான சாமானைப் போட்டதால் வந்த கோளாறு இது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அடுக்களைக்கு ஓடிப் போய், தோசை வார்த்துக்கொண்டிருந்தவரிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

"இத்தனையும் அந்த வளையத்தப் பாத்தே கண்டுபிடிச்சியா?"

"ஆமா. ஆனா ஒண்ணு மட்டும் விளங்கல்ல. இவ்வளவு வேலை தெரிஞ்சவன், என்னத்துக்கு லேசான மூடியப் போட்டான்? ஜீப்புச் சாமான் அப்போ கிடைக்கலியோ?"

"கிடைச்சிருக்காது."

"மெக்கானிக் சொல்லுதாரு, அந்தக் காலத்துல ஜீப்புச் சாமான் பெட்டிக்கடையில கூடக் கிடைக்குமாம்."

"ஓ" என்றார். "உனக்கு இன்னொரு தோசை போதுமா?"

அன்றைக்கு நான் அதற்குமேல் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். படுத்தபிறகும் யோசித்தேன். தெரிந்தவன் ஒருத்தன், தெரிந்தே, மெனக்கெட்டு, இந்தக் கிளட்ச்சை லேசாக்கியிருக்கிறான். என் யோசனை அந்த இடம் வரைக்கும் வந்து நின்றது. அடுத்த அடி எடுத்து வைக்க நான்தான் விடவில்லை போலிருக்கிறது.

சாமான் வந்தது. மாட்டி முடித்ததும் போன் வந்தது, இருவரும் போனோம். மெக்கானிக்குக் கைகொள்ளாத பெருமை. "இப்பதான் அக்கா இது ஜீப்பு. ஏறி மிதிச்சுப் பாருங்க."

ஏறினேன். இடது காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்து மிதித்தேன். பாதி போனது, நின்றது. எங்கேயோ தட்டுகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். கொஞ்சம் போனது. தொடை நடுங்கியது. இடுப்பை சீட்டில் ஒட்டி, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழு மூச்சோடு மிதித்தேன். கடைசி வரை போய்ச் சேரும் முன்னே முட்டி மடங்கி, கால் வழுக்கி வெளியே வந்துவிட்டது. கிளட்ச் 'டக்' என்று மேலே போய் நின்றது.

"புதுசுல அப்படித்தான் அக்கா இருக்கும், ரெண்டு நாள் ஓட்டினா பழகிரும்" என்றார் மெக்கானிக். அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. அவர் எதையோ எடுக்க உள்ளே போனார்.

நான் இறங்கவில்லை. கல்யாண வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. வெற்றிலைத் தட்டுகள், நான் தொடையைத் தட்டிக் காட்டியது, அத்தைமாரெல்லாம் வாயைப் பிளந்தது. கல்லு மாதிரி கிளட்ச். ஆம்பளைக்கே தொடை நடுங்கும் கிளட்ச். அதை இன்றைக்குத்தான் நிஜமாக மிதிக்கிறேன். காது வரைக்கும் சூடேறியது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த லேசு மூடிய யாரு போடச் சொன்னது?" என்றேன்.

நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாகிவிட்டது போல.

"வண்டி பாக்கப் போன அன்னைக்கு நீ ஏறி உக்காந்து ஒரு மிதி மிதிச்ச. ஞாபகம் இருக்கா? அப்புறம் எறங்கி வந்து, வேண்டாம், கலர் புடிக்கல்லன்னு சொன்ன."

ஞாபகம் இருந்தது. வண்டி பச்சை. என் பெட்டியில் பாதிப் புடவை பச்சை.

"பச்சை உனக்குப் புடிக்காதுன்னு அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்" என்றார். "வீட்டுக்கு வர வழியெல்லாம் நீ பேசல்ல. மறுநாள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு, நம்ம பழைய மெக்கானிக்கிட்டப் போயி, என்ன செய்யலாம்னு கேட்டேன். அவருதான் கடைசலுக்குக் கொடுத்து வளையம் செஞ்சாரு. ரெண்டு மூணு தடவ சரியா வரல்ல. என்ஜின் வேலைன்னு உங்கிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா நீ வண்டியில ஏறிருப்பியா?"

ஏறியிருக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும், அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. "இத்தன வருஷம் நான் ஊர்முழுக்கப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, பக்கத்துல இருந்து ரசிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு இறங்கி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு சந்து முனை வரை போனேன். போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. அதன் பக்கத்தில் நின்றேன்.

அப்போதுதான் தண்ணீர் லாரி ஒன்று சந்துக்குள் திரும்பியது. எங்கள் ஜீப் பாதி வழியை மறித்து நின்றிருந்தது. லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. மெக்கானிக் வேறு ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார், இரண்டு காலும் வெளியே தெரிந்தன. அவர் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கத்துவது கேட்டது.

என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடது கால் கிளட்ச்சில் இறங்கியது, ஒரே சீராக, கடைசி வரை. ரிவர்ஸ் விழுந்தது. அந்தச் சந்தோ ஏற்றம், ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் மின்கம்பம். அவர் ஒரு கையை சீட்டின் முதுகில் போட்டு, தலையைத் திருப்பி, வண்டியைப் பின்னோக்கி ஏற்றி, மின்கம்பத்தைச் சுற்றி ஒடித்து, ஒர்க்‌ஷாப் முற்றத்துக்குள் கொண்டு நிறுத்தினார். ஒரு குலுக்கல் இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம். எஸ்டேட் கதைகள் சொன்ன காலத்தில் பார்த்த முகம் அது, நான் மறந்தே போயிருந்தேன்.

நிறுத்தியபிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார். திருதிரு என்று விழித்தார். உடனே கிளட்ச்சிலிருந்து காலைப் படக்கென்று எடுத்தார். வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"பாத்தியா, எனக்கு இது வராது" என்றார்.

"நடிக்காதீங்க" என்றேன்.

நான் போய் அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். லாரி எங்களைத் தாண்டிப் போனது.

"இவ்வளவு நல்லா ஓட்டுவீங்க. இந்த வண்டிய ஒரு நாள் தொட்டதில்ல. ஏன்?"

"எப்படி ஓட்ட? நீ கல்லு கல்லுன்னு சொல்லிட்டிருக்க. நான் ஒரு சுத்து சுத்திட்டு எறங்குனா, எல்லாவனும் நானும் ஓட்டிப் பாக்கேன்னு ஏறுவான். லேசுன்னு தெரிஞ்சிரும்லா." கொஞ்சம் பொறுத்து, "உனக்கும் தெரிஞ்சிரும்" என்றார்.

இத்தனை வருஷமும் கல்யாண வீட்டில் அவரைக் கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான். அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேலி செய்தேன், அவரும் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்ததும், பழைய ஃப்ளைவீலையும் மூடியையும் வளையத்தையும் திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போடலாம், ஆனால் பிளேட்டுக்குத் தடிப்பான லைனிங் ஒட்டி வாங்க வேண்டும், ஒட்டுகிற கடையில் நாலைந்து நாள் ஆகும் என்றார். வளையத்தை நான் வரைந்த தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், பிளேட் எவ்வளவு தடிப்பு வேண்டும் என்ற கணக்கோடு. அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அதுவரைக்கும் வண்டி இங்க கெடக்கட்டா அக்கா?" என்றார்.

"வேண்டாம். நாளைக்கு விளைக்குப் போவணும். அவரு ஓட்டுவாரு."

மறுநாள் காலையில் நெடுமங்காடு வழியாகப் போனோம். நான் இடது பக்கம் உட்கார்ந்து போவது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் இத்தனை ரப்பர் மரங்கள் இருக்கின்றன என்றே எனக்குத் தெரியாது. அவர் வளைவு வரும்போதெல்லாம் தொண்டைக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கியரை மாற்றினார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

விதுராவில் நாங்கள் எப்போதும் டீ குடிக்கிற ஒரு கடை உண்டு. அந்தக் கடைக்காரருக்கு என் வீட்டுக்காரரைச் சீண்டாமல் டீ ஆற்ற வராது. "சேட்டன் எப்பழா கிளச்சு சவிட்டான் படிக்குந்நது?" என்பார் ஒவ்வொரு தடவையும், கிளட்ச் மிதிக்க எப்போதுதான் கற்றுக்கொள்வார் என்று. அன்றைக்கு நான் இடப்பக்கம் இறங்கியதைப் பார்த்துவிட்டு, டீ ஆற்றிய கையை நிறுத்தினார்.

"என்தா சேச்சி, இன்னு சேட்டனா வண்டி ஓடிச்சது?"

என் வீட்டுக்காரர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "அவளுக்குத் தலைவேதனை. நான் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தேன்" என்றார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தது இதைத்தானோ என்னவோ.

"எனக்குத் தலைவேதனை ஒண்ணும் இல்ல" என்றேன். "எனக்கு இடது காலுக்கு பலம் கம்மி. சின்ன வயசுலேருந்தே. இந்தக் கிளட்ச்ச என்னால சவுட்ட முடியாது. அவரால முடியும். எப்பவுமே முடியும்."

இதை நான் என் வாயால் வெளியே ஒருவரிடம் சொன்னது அந்த டீக்கடையில்தான். கடைக்காரர் என் காலைப் பார்க்கவில்லை. "ஓ, அது செரி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து டீயை ஆற்றினார். முதல் கிளாஸை என் வீட்டுக்காரருக்கு நீட்டினார்.

அவர் அதை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி நீர் வடிகிறது என்று கடைக்காரரிடம் சொன்னார். நான் அவர் கிளாஸை வாங்கி வைத்துக்கொண்டு, அவர் துடைத்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.